பவளத்தின் வளையலைக் கழற்றிய டாக்டரம்மா

பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சுவலியில போயிட்டாகளாம்." என் கை நின்றுவிட்டது. "ஏட்டி, உனக்கு அவியளத் தெரியுமா?" என்று பக்கத்து அக்கா கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

எஸ்தர் டாக்டர் அவர்களை நான் முதலில் பார்த்தது எங்கள் ஆட்டுக்குக் கழிச்சல் கண்டபோது. "வாங்க மகாராணி, என்னத்தத் தின்னீக?" என்று ஆட்டிடம் கேட்டார்கள். பிறகு என்னிடம் கேட்டார்கள். நான் அப்பா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். "சரிதான், ரெண்டும் வாய் திறக்காது போல" என்று சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வருடம் பவளத்துக்கு நோய் வந்தது. பவளம் எங்கள் வெள்ளை நாய். அவள் தாய் வழியில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான் என்பதால் அப்பா தேடிப்போய் நல்ல ஆண் நாயோடு சேர்த்திருந்தார். ஒரு மாதம் கழிந்து வயிறு பெருத்தது. சோற்றை ஒதுக்கினாள், வாந்தி எடுத்தாள். "மசக்கைதான்" என்றாள் அம்மா. தெருப் பெண்கள் சேர்ந்து கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துப் பவளத்தின் கழுத்தில் கட்டி, குலவை போட்டுச் சிரித்தார்கள். தேவதானத்துப் பெரியப்பா தனக்கு ஒரு குட்டி என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

பவளம் எழுந்திருக்காமல் கிடந்த அன்று, கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

"யாருய்யா இவளுக்கு வளைகாப்பு போட்டது? மாப்பிள்ளை வீட்டுல வந்திருந்தாகளா?" என்றார்கள் டாக்டரம்மா. வயிற்றைத் தொட்டதும் சிரிப்பு போய்விட்டது. "அண்ணாச்சி, தண்ணி எம்புட்டு குடிக்கா?"

"நல்லாத்தான் குடிக்கா, டாக்டரம்மா."

"தண்ணி வைக்கிறது யாரு?"

அப்பா என்னைக் காட்டினார். டாக்டரம்மா பவளத்தின் தலையைத் தடவியபடி சும்மா நின்றார்கள். அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எனக்குக் குரல் வந்தது.

"சட்டியில ஊத்த ஊத்தக் காலியாகுது. பின்னால நக்கிக்கிட்டே இருக்கா. ஆனா ஒண்ணும் வடியல."

"வடிஞ்சாலாவது வெளிய தெரியும். கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டா சீழ் உள்ளயே ஏறும். அண்ணாச்சி, இது குட்டி இல்ல. கர்ப்பப்பை முழுக்கச் சீழ்."

"ஊசி போட்டாக் கேக்காதா?"

"ஊசியை மட்டும் நம்பி உக்காந்தா உள்ள உடைஞ்சு செத்துப்போவா. வயித்தைத் திறந்து பையை எடுக்கணும். பொறவு குட்டி கிடையாது."

"வம்சமே இவளோட நிக்குதே" என்றார் அப்பா.

"வம்சம் இன்னும் பிறக்கல. இவ இந்தா கிடக்கா."

அப்பா என்னைப் பார்த்தார். "பவளம் வேணும்ப்பா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

டாக்டரம்மா வளையல் கயிற்றை அறுத்து ஜன்னல் ஆணியில் மாட்டினார்கள். குளுக்கோஸ் ஏற்றி, மயக்க ஊசி போட்டு அறுத்தார்கள். நான் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். வெளியே எடுத்த பை சுரைக்காய் போல வீங்கியிருந்தது. தையல் போட்ட பிறகு, "பொழைச்சுக்கிடுவா. ஆனா ஊசியை நடுவுல நிறுத்தப்பிடாது" என்றார்கள். தினமும் கொண்டுபோனோம். ஒரு நாள் பவளம் வேனிலிருந்து தானே குதித்து இறங்கினாள்.

அந்த வளையல்கள் ஆணியிலேயே இருந்தன. பெட்டை நாயோடு யார் வந்தாலும் டாக்டரம்மா அவற்றைக் காட்டுவார்கள்: "வயிறு பெருத்தா வளையல் வாங்காதீக. தண்ணி குடிக்கிறதப் பாருங்க." என்னை எங்கே கண்டாலும், பஸ் ஸ்டாண்டில் என்றாலும், முதல் கேள்வி அதுதான்: "ஏட்டி, பவளம் தண்ணி எம்புட்டு குடிக்கா?"

துக்க வீட்டில் கூட்டமாக இருந்தது. டாக்டரம்மாவைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பவளத்துக்குத் தண்ணீர் வைத்தேன். கொஞ்சம் நக்கினாள், போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அளவாத்தான் குடிக்கா, டாக்டரம்மா. நீங்க கவலையில்லாமப் போங்க.