என் பெட்டி மட்டும் ஓடியது

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விஜயதசமி. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், மாடியில் இயங்கிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களைக் கணினியில் பக்கம் பக்கமாக அமைத்து அனுப்புவது எங்கள் தொழில். அந்தக் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, விட்டுப் போய்க்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. ராஜினாமா கொடுத்து, கடைசி வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடையாறில் வேறு வேலை கிடைத்திருந்தது. அங்கே சேர வேண்டுமானால், இங்கிருந்து முறையாக விடுவிக்கப்பட்டேன் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அது இல்லையென்றால் இந்த வேலையும் போய், அந்த வேலையும் போய், நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

முதலாளி மயிலாப்பூர்க்காரர். கத்துகிற ஆள் இல்லை. ராஜினாமாவை நீட்டியபோது "ஓஹோ" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னிடம் பேசும்போதெல்லாம் என் தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தே பேசினார். என் இடத்துக்குப் புதிதாக ஒருவரை எடுத்திருந்தார்கள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு, "இது எதுக்கு மேடம் இப்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் மேல் கண் வைக்கத்தான் அவரை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கணினிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேஜைகளில் இருந்த பெட்டிகளுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. டெர்மினல் என்போம். சுவிட்சைப் போட்டதும் கேபிள் வழியாக, "நான் வந்திருக்கிறேன், என்ன செய்யட்டும்?" என்று ஊரைக் கூட்டிக் கேட்கும். உள்ளறையில் இருக்கும் பெரிய கணினி, யூனிக்ஸ் சர்வர், அதற்குப் பதில் சொல்லி, தேவையான நிரலை அனுப்பிவைக்கும். பெட்டி உயிர் பெறும். திரையில் பெயர் கேட்கும் கட்டம் வரும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் பேச்சை அந்தப் பெட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். அப்பாவிப் பெட்டி.

ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை சர்வரை நிறுத்திவிட்டு நான்தான் கடைசியாக அந்த அறையை விட்டு வந்தேன். பூஜையன்று எதையும் இயக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை சாப்பிட்டுக் கலைந்தோம். மறுநாள் விஜயதசமி. வழக்கமாக ஒப்புக்கு ஒரு பக்கம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாள். அந்த வருஷம் மட்டும் சாயங்காலம் கூரியரில் ஒரு முழுப் புத்தகம் போக வேண்டியிருந்ததால் எல்லாரும் வந்திருந்தார்கள்.

தி.நகரிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம். மாடிப்படியிலேயே வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு? மேல ஒரே கலாட்டாவா கீது. பொட்டி ஒண்ணும் ஓட்லியாம்."

மேலே போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். வரிசையாக எல்லாத் திரைகளும் சாம்பல் நிறத்தில் இருந்தன. நடுவில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பெயர் கேட்கும் கட்டம் வரவே இல்லை. நான் என் இடத்துக்குப் போய், பழக்க தோஷத்தில் என் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். அது சமர்த்தாகக் கிளம்பி, கட்டத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து மேஜையில் பிழை திருத்தும் தோழி, தினமும் என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவள், "உன்னோடது மட்டும் எப்படி வருது?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனால் அவள் கேட்ட விதம் எனக்குச் சுருக்கென்றது.

நேராக சர்வர் அறைக்குப் போனேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை அடித்தேன். ஏற்கவில்லை. அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி அடித்தேன். ஊஹூம். கதவருகே புது ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"காலையிலேயே மாத்திட்டேன் மேடம். சார் சொன்னாரு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது. இத்தனை வருஷம் என் கையில் இருந்த சாவி. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அடுத்த நொடியே என் புத்தி வேறு பக்கம் ஓடியது. காலையில் சர்வரைத் தொட்டவர் இவர். தொட்டதும் எல்லாம் படுத்துவிட்டது. பழியை என் தலையில் கட்டிவிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாரோ?

முதலாளி உள்ளே வந்தார். அன்று காலண்டரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"கடைசியா சர்வரை நிறுத்திட்டுப் போனது யாரும்மா?"

"நான்தான் சார்."

"பூஜை போட்ட மறுநாள், விஜயதசமியும் அதுவுமா, எல்லாம் நின்னுபோறது. உன்னோடது மட்டும் ஜம்முனு ஓடறது. நான் என்னன்னு எடுத்துக்கறது, நீயே சொல்லு."

"நான் எதுவும் பண்ணலை சார்."

"பண்ணினேன்னு நான் சொல்லலையே" என்றார். "ஆனா இது சரியாகற வரைக்கும் லெட்டரைப் பத்தி எங்கிட்ட பேசாதே. அடையாறுலேர்ந்து உன்னைப் பத்திக் கேட்டு போன் பண்ணுவா. நடந்தது எதுவோ அதைத்தான் நான் சொல்ல முடியும்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சரிசெய்யத் தெரியவில்லை என்றால் புத்தகம் போகாது, கடிதமும் வராது. சட்டென்று சரிசெய்துவிட்டாலோ, கெடுத்தவளுக்குத்தானே சரிசெய்யத் தெரியும் என்பார்கள். எழுந்து வீட்டுக்குப் போனால் ஒப்புக்கொண்ட மாதிரி.

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சர்வர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏசி குளிருக்குத் தோளில் கிடந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். "நீ கீபோர்டைத் தொட வேண்டாம். வாயால சொல்லு. அவர் அடிப்பார். நான் பாத்துண்டு இருக்கேன்" என்றார். அவருக்கு யூனிக்ஸில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவனைப் பார்ப்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல, புது ஆள் அடித்தார். பெட்டிகளுக்குப் பதில் சொல்லும் நிரல் ஓடுகிறதா? ஓடியது. அனுப்ப வேண்டிய கோப்பு இருக்கிறதா? இருந்தது. சர்வருக்கு எல்லாப் பெட்டிகளையும் அடையாளம் தெரிகிறதா? தெரிந்தது. கேபிள் இணைப்புகள்? அவரே போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்றார். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, எங்கேயாவது ஒரு கோளாறு தென்பட்டால் தேவலை என்றிருந்தது.

"எல்லாம் சரியா இருக்குன்னா எப்படிம்மா ஓடாம இருக்கும்?" என்றார் முதலாளி. நியாயமான கேள்வி.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. கேபிளில் போகிற வருகிற பேச்சையெல்லாம் வரி வரியாகத் திரையில் காட்டும் கட்டளை. அதைச் சொன்னேன்.

"அது என்ன பண்ணும்?"

"கேபிள்ல யார் யார் பேசறாங்கன்னு காட்டும் சார்."

"ஒட்டுக் கேக்கறதா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் வேண்டாம். வெளியிலேர்ந்து ஆளைக் கூப்பிட்டுக்கறேன். நீ போய் உன் இடத்துல உக்காரு."

போய் உட்கார்ந்தால் முடிந்தது கதை. விஜயதசமியன்று எந்த ஆள் வருவார்? வந்தவரிடம் என்னைப் பற்றி முதலில் என்ன சொல்லிவைப்பார்கள்? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போது புது ஆள் திரும்பாமலேயே சொன்னார்.

"சார், அது எதையும் கெடுக்காது. சும்மா பாக்கறதுதான். நான் அடிக்கிறேன். எதனா ஆச்சுன்னா என்னைக் கேளுங்க."

முதலாளி சரி என்று சொல்வதற்குள் அடித்தும் விட்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர். எனக்காக ஏன் இதைத் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று புரியவில்லை. அப்போதுகூட முழுசாக நம்பவில்லை. இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்றுதான் தோன்றியது.

வெளியே எட்டிப் பார்த்து, தோழியின் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். திரையில் வரிகள் ஓடின. அவள் பெட்டி வழக்கம்போல் ஊரைக் கூட்டிக் கேட்டது. ஒரு பதில் வந்தது. உடனே இன்னொரு பதிலும் வந்தது.

இரண்டு பதில்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு சர்வர்.

"மேடம், மொதல்ல பதில் சொல்றது நம்ம சர்வர் இல்ல. வேற அட்ரஸ். இது யாரு?" என்றார் புது ஆள்.

எனக்கு அந்த முகவரி மனப்பாடம். வருஷக்கணக்காக என் விரல்கள் அடித்த எண்கள். எங்கள் பழைய சர்வர். புதியது வந்ததும் அதிலிருந்த வேலைகளையெல்லாம் மாற்றிவிட்டு, அதைப் பின்னால் ஸ்டோர் ரூமில் ஒதுக்கிவைத்திருந்தோம். கேபிளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அணைந்து கிடக்கிற இயந்திரத்தின் கேபிளை யார் பிடுங்கப் போகிறார்கள்?

அப்போதுதான் எல்லாம் பளிச்சென்று புரிந்தது. புது சர்வருக்கு ஆயிரம் வேலை. பழையதற்கு வேறு வேலையே இல்லை. அதனால் கேட்டவுடன் முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. பெட்டிகளும் அதை நம்பிப் பின்னாலேயே போய், அங்கே பெயர் கேட்க நிரல் இல்லாமல் சாம்பல் திரையோடு நிற்கின்றன. என் டெர்மினல், பழைய சர்வரை ஒதுக்கிய பிறகு வாங்கியது. அதைப் பழைய சர்வருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அது வாயைத் திறக்கவில்லை. புதியது பதில் சொன்னது. என்னுடையது மட்டும் ஓடியது.

"சார், ஸ்டோர் ரூம் சாவி வேணும்" என்றேன்.

"அங்கே உனக்கென்ன வேலை?"

"பழைய சர்வர் ஓடிட்டிருக்கு சார்."

அவர் முகம் மாறியது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தானே முன்னால் நடந்தார். சாவி அவரிடம் மட்டும்தான் உண்டு. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பின்னால் நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் பாதி ஆபீசும்.

கதவு திறந்ததும் விசிறியின் உறுமல் கேட்டது. பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பச்சை விளக்கு எரிய அந்தச் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஈரம் காயாத சந்தனம், குங்குமம். தலையில் ஒரு முழம் சாமந்தி.

முதலாளி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தாம்மா போட்டேன்" என்றார். "நான் மொதல்ல வாங்கினது இது. இதை வெச்சுண்டுதான் கம்பெனியையே ஆரம்பிச்சேன். நேத்தி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேளே, இதை யாராவது திரும்பிப் பாத்தேளா? காத்தால நல்ல நேரத்துல வந்து ரெண்டையும் நானே போட்டேன். விஜயதசமியன்னிக்கு எல்லாம் கொஞ்ச நாழியாவது ஓடணுமோல்லியோ? பத்து நிமிஷத்துல நிறுத்திடலாம்னு நெனைச்சேன். அதுக்குள்ள போன் வந்துடுத்து."

கேபிளைப் பிடுங்கினேன். சர்வரை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே பெட்டிகளை அணைத்துப் போட்டதும் ஒவ்வொரு திரையாக உயிர் வந்தது. கூச்சலும் கைதட்டலுமாக ஆபீஸே அமர்க்களப்பட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மத்தியானமே கடிதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்னைப் பற்றி நல்ல வார்த்தைகள் நாலைந்து சேர்த்திருந்தார். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

புத்தகம் கூரியருக்குப் போனதும் தோழி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்டி, நீ பண்ணியிருக்க மாட்டேன்னு" என்றாள். கணக்கு எழுதுகிறவர் அதையே சொன்னார். அச்சுப் பிரதி எடுக்கிறவரும் அதையே சொன்னார். தெரிந்தவர்கள் காலையில் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

புது ஆள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கிளம்பும்போது நானே போய், எனக்காக ஏன் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"உண்மையச் சொல்லணும்னா எனக்கும் உங்க மேல டவுட்டுதான் மேடம்" என்றார், ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே. "ஆனா பாக்காமயே எப்டி முடிவு பண்றது? பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

அவரைப் பற்றி நான் காலையிலிருந்து நினைத்ததையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார் என்றே தோன்றுகிறது.

இன்று நானும் சிலரை வைத்து வேலை வாங்குகிற இடத்தில் இருக்கிறேன். யார் மேலாவது விரல்கள் நீள ஆரம்பித்தால், அந்த ஆளை வைத்துக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி, "முதலில் பார்ப்போம், பிறகு பேசலாம்" என்று சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அப்படிச் சொல்லி, கடைசியில் தப்புச் செய்தது அந்த ஆளேதான் என்று ஆகி, மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்காக நான் சொல்வதை நிறுத்தவில்லை, ஏனென்றால் மாலையில் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்ல ஆபீஸ் முழுக்க ஆள் கிடைப்பார்கள், காலையில் ஒருவர்கூடக் கிடைக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.