ஆல்ட்டும் எஸ்ஸும்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்த டேட்டா என்ட்ரி சென்டரில் பியூலா வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றிரண்டில். வயலை மனை போட்டு விற்ற ஜெயவேலு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். அவற்றைக் கட்டி மேய்க்க சுந்தரராமன் என்றொரு புரோகிராமர். செருப்பைக் கழற்றாமல் ஏசி அறைக்குள் வருகிற ஒரே மனிதர்.

ஒரு கல்லூரி நூலகப் பட்டியலை ஏற்றும் வேலை வந்த சமயம், அவர் தான் எழுதியதாகச் சொல்லி ஒரு புரோகிராமை எல்லா மெஷினிலும் போட்டார். அது பின்னால் சத்தமில்லாமல் கிடக்கும். எந்த வேலை நடந்தாலும் சரி, ஆல்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் கடிகாரமும் அவர் பெயரும் திரையில் குதித்து வரும். எஸ், தன் பெயரின் முதலெழுத்து என்று பெருமை வேறு.

நூலகப் பட்டியலைச் சேமிக்கவும் அதே விசைகள்தான். இவருடைய கடிகாரம் அவற்றை நடுவழியில் பிடுங்கிக்கொண்டது. பியூலா இரண்டாம் நாளே சொன்னாள்.

"டைப் அடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றார் அவர்.

அந்த வாரமே நானூறு புத்தகங்களின் விவரம் காணாமல் போனது. டைப் அடிக்கும் பெண்களின் கவனக்குறைவு என்று அவர் முதலாளியிடம் சொல்ல, எல்லோரும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். பியூலா எழுதவில்லை. ஜெயவேலுவையே உட்காரவைத்து, அவர் அம்மா பெயரை அடித்துச் சேமிக்கச் சொன்னாள். ஒற்றை விரலால் 'கிளியம்மாள்' என்று அடித்து, ஆல்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினார். கடிகாரம் வந்தது. மூடித் திறந்தால் பெயரைக் காணோம்.

"இன்னா சார் இது? எங்கம்மாவ எங்க முழுங்கிச்சு உங்க கடியாரம்?"

விசையை மாற்ற ஒரு வாரம் கேட்டார் சுந்தரராமன். பத்து நாள் ஆயிற்று. அவர் மேஜையில் விரிந்து கிடந்த கம்ப்யூட்டர் பத்திரிகையை அன்றுதான் பியூலா பார்த்தாள். கடிகாரப் புரோகிராம் முழுசும் அதில் அச்சாகியிருந்தது, எஸ் உட்பட. அவர் சேர்த்தது தன் பெயரை மட்டும். இத்தனை நாள் தன்னை ஏளனம் செய்தவரும் பார்த்து அடிக்கிறவர்தானா என்று அவளுக்குச் சீயென்று ஆகிவிட்டது. விசையை மாற்றும் வழி அடுத்த பக்கத்திலேயே இருந்தது, மனுஷன் புரட்டவில்லை.

அவர் சாப்பிட்டு வருவதற்குள் அவள் மாற்றி முடித்தாள். ஜெயவேலு மெஷின்களை அவள் பொறுப்பில் விட்டார். சுந்தரராமன் கிண்டியில் வேறு வேலைக்குப் போனார். அங்கே என்ன எழுதினாரோ, பியூலா விசாரிக்கவில்லை.