வாஹித் பாய் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள்

நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பதினான்கு வருடம் எங்கள் வேனை ஓட்டியவர் வாஹித் பாஷா. பத்தொன்பது பெண்களில் யார் வரவில்லை என்பது அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். எனக்கு வாந்தி வரும் என்று தனக்குப் பின்னாலேயே இடம் கொடுத்திருந்தார்.

போன மாசியில் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்து, சற்று நேரத்தில் அணைந்தது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறு நம்பரும் காட்டவில்லை என்று ஸ்லிப் கொடுத்தார்கள். மறுபடி எரிந்தது. மறுபடி அதே ஸ்லிப். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரேம்நாத் சார் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தார்.

“மூணாவது தபாவும் ஒன்னுமில்லன்னு வந்தா, பொய் கம்ப்ளெயின்ட்டுன்னு எழுதி உன்ன வேலைய விட்டு எடுத்துருவாங்க பாய். சொல்லிட்டேன்.”

மறுநாள் வேனில் எங்களோடு வரும் பட்டம்மாள் அக்கா, “அதான் ஒன்னுமில்லன்ட்டாங்களே, அத பாத்துப் பாத்து இன்னாத்துக்கு பேஜார்?” என்று தன் நெற்றிப் பொட்டைப் பிய்த்து விளக்கின்மேல் ஒட்டினார். “போ பாய், உன் வண்டிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.”

எல்லோரும் சிரித்தோம். வாஹித் பாயும் அதை எடுக்கவில்லை.

ஆனால் பொட்டின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. நேர் ரோட்டில் இல்லை. ரயில் பாதைக்குக் கீழே இடதுபக்கம் வளையும்போது மட்டும். ஐந்து நாள் சொல்லாமல் இருந்தேன். ஆறாம் நாள் எல்லோரும் கம்பெனி கேட்டுக்குள் போன பிறகு அவரிடம் சொன்னேன்.

அவர் முன்மூடியைத் திறந்தார். டப்பாவில் பிரேக் ஆயில் அடியில் கிடந்தது. “வளையறப்ப ஆயிலு ஒரு பக்கம் ஒதுங்குது, லைட்டு எரியுது. ஒர்க்‌ஷாப்ல வண்டி சும்மா நிக்குது, எப்புடிம்மா தெரியும்?” குனிந்து பின்சக்கரத்தின் உள்பக்கத்தைத் தொட்டார். விரல் நனைந்தது.

அவசரத்தில் ஆயிலை ஊற்றி நிரப்பினார். பிறகுதான் பிரேம்நாத் சாரைக் கூப்பிட்டார். ஆயில் நிரம்பியதால் இனி எப்படி வளைத்தாலும் விளக்கு எரியாது.

“லைட்டும் இல்ல, நம்பரும் இல்ல. சக்கரத்துல இருக்கறது வண்டி கழுவுன தண்ணி,” என்றாராம் சார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். வாஹித் பாய் பிரேக்கை மிதித்தார், மறுபடி மிதித்தார், வண்டியை எடுக்கவில்லை.

“பெடல் உள்ள போவுதும்மா. இத ஹைவேல ஓட்ட மாட்டேன்.”

“வீட்ல புள்ளைங்க காத்துனு இருக்குதுங்க. எடு பாய்!”

“நீ சொல்லும்மா,” என்று என்னைப் பார்த்தார்.

பதினெட்டு முகமும் திரும்பின. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பட்டம்மாள் அக்கா திட்டிக்கொண்டே இறங்கினார். மற்றவர்கள் அசையவில்லை, வாஹித் பாய் சாவியை உருவிக்கொண்டு போய் சாரின் மேசையில் வைக்கும்வரை.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போனோம். யாரும் அவரோடு பேசவில்லை.

இரண்டு நாள் வேன் வரவில்லை. மூன்றாம் நாள் சர்தார் பாஷா என்ற புது டிரைவர் ஓட்டி வந்தார். பின்சக்கரத்து பிரேக் சாமானை மாற்றிவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். ஸ்லிப்பில் வழக்கமான சர்வீஸ் என்று எழுதியிருந்ததாம். கம்பெனி நோட்டில் வாஹித் பாய் பெயருக்கு எதிரே, வண்டி ஓட்ட மறுத்தார் என்று.

இப்போது அவர் வாணியம்பாடியில் லோடு ஆட்டோவோடு வாடகைக்கு நிற்கிறார். எங்கள் வேன் கடக்கும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் ஊருக்கு வேறு கம்பெனி வண்டி வராது. நான் அந்த வேனில்தான் போய் வருகிறேன்.