மூன்று இருக்கையை வெளியே விட்டு ஒட்டிய விமானம்

பல்லக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று சாப்பாட்டு மேசை முன்னால் அவள் பேசியது பக்கத்தில் நின்ற தம்பிக்கே பாதிதான் கேட்டது.

"யாரு ஒட்டினது?"

"நான்தான்கா. நாலு மாசமா அதோட மல்லுக்கட்டுற, பார்க்கவே சகிக்கல. நீ ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்துல ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். எப்படி இருக்கு?"

மேசைமேல் நின்றது ஒரு சாண் இறக்கை விரித்த பிளாஸ்டிக் விமானம். உலகப்போர்க் காலத்து ஜப்பானியக் கடற்படையின் வேவு விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. தண்ணீரில் இறங்குவது என்பதால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். பக்கத்தில் ஒரு பழைய பல்செட் டப்பா. அதற்குள், விமானத்துக்குள் இருந்திருக்க வேண்டிய மூன்று இருக்கைகளும் ரேடியோப் பெட்டியும் ஒரே தரைப்பலகையில் ஒட்டியபடி அப்படியே கிடந்தன.

முப்பத்தோரு வருஷம் பல்செட் செய்தவள் அவள்; பல்லக்கா என்ற பெயரே அதில் வந்ததுதான். யார் வாய் என்று தெரியாது. அச்சு வரும், பல் போகும். ஓய்வு நேரத்தில் விமானம் ஒட்டுவாள். ஒன்பது மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை துவண்டது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுப்பவள் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். "பந்துதான் மெத்துன்னு ஆகுது" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த இந்தப் பெட்டியை எடுத்தாள். மடித்த துண்டில் மணிக்கட்டு. இருபது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் ஓய்வு. வலது கை மட்டும். முதல் இருக்கைக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. மூன்றாவதற்கு நாலே நாள்.

பல்செட் கூடத்து முதலாளி நாளைக் காலை வருகிறார். "கை சரியாச்சுன்னு வாயால சொன்னா பத்தாதும்மா. வேலையைக் காட்டு. இல்லன்னா உன் இடத்துல வேற ஆள் உட்காரும்" என்று சொல்லியிருந்தார். அவள் காட்ட வைத்திருந்தது அந்த உள்வேலையைத்தான்.

"உள்ள இருக்கறதை யாருக்கா பார்க்கப் போறாங்க?" என்றான் தம்பி.

"பல்செட்டோட உள்பக்கத்தையும் யாரும் பார்க்கறதில்ல. ஈறு பார்க்கும்."

இன்ஸ்டன்ட் பசையின் ஆவி பட்டு, விமானியின் கண்ணாடி மூடி கண்புரை விழுந்த கண்போல வெளுத்திருந்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஒன்பது மாதமாக இதே கதைதான். பொத்தானை அவன் போடுவான், ரொட்டியை அவன் பிய்ப்பான், அவள் ஒரு வார்த்தையைத் தேடினால் அவன் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பான். நடக்கிற ஆளைப் படுக்கவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

"நீயே செஞ்சதுன்னு சொல்லிடுக்கா. யாருக்குத் தெரியும்?"

அன்றைக்கு ரொட்டியை அவளே பிய்த்தாள். பாதி தரையில் விழுந்தது. அவன் குனிந்தான்.

"தொடாதே."

மறுநாள் காலை முதலாளி வந்து விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, கை வந்துடுச்சே."

தம்பி தொண்டையைச் செருமினான்.

"அது இவன் கை, சார். என்னுது டப்பாவுல இருக்கு."

அவர் டப்பாவைத் திறந்தார். அரிசிமணி அளவு இருக்கையில், மெல்லிய தகட்டில் வெட்டிய இடுப்பு வார்கூட இருந்தது. தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதையும் இவர் செய்யலன்னு எப்படிம்மா நம்பறது?"

தம்பியின் முகம் சுருங்கியது. அவன் செய்த உதவி என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"உட்காருங்க சார்" என்றாள்.

துண்டை மடித்துப் போட்டாள். வெளுத்த மூடியை நெம்பி எடுத்தாள். இறக்கை தட்டியதும் கழன்றது. உடலில் மட்டும் தம்பி பசையைத் தாராளமாக ஊற்றியிருந்தான். மெல்லிய ரம்பத்தை வலது கையில் பிடித்து மூக்கிலிருந்து ஒட்டுக்கோட்டிலேயே அறுக்க ஆரம்பித்தாள். விமானம் ஆடியது. பிடித்துக்கொள்ளத் தம்பி கை நீட்டினான்.

"கையை எடு."

எடுத்தான்.

இருபது நிமிஷத்தில் நிறுத்தினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "பார்த்துக்கிட்டே இருங்க, பத்து நிமிஷம் ஓய்வு" என்றாள். மறுபடி எடுத்தபோது வால் பக்கம் விரல்கள் மடங்கிக்கொண்டன. ரம்பம் சறுக்கி நீளமாக ஒரு கோடு கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் அறுத்தாள். உடல் இரண்டாகப் பிரிந்தது. இடுக்கியால் தரைப்பலகையை எடுத்து ஒரு பாதியில் பொருத்தினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை உட்கார்ந்தது.

முதலாளி அறுத்த விளிம்பில் நகத்தை ஓட்டினார். பல்செட் விளிம்பையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"இங்க சறுக்கியிருக்கு."

"ஆமா."

"திங்கக்கிழமை வா. காலையில மட்டும். பல்லை மெழுகுல பதிக்கிற வேலைதான். டிரில் தரமாட்டேன்."

"மத்தியானம் எனக்கே முடியாது."

அவர் போன பிறகு தம்பி மெல்லக் கேட்டான். "கோபம் போச்சாக்கா?"

"இல்ல." வெளுத்த மூடியையும் பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையையும் அவன் பக்கம் தள்ளினாள். "தேய். அந்தப் பக்கம் தெரியணும்."

அரைமணி தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "தெரியுதுக்கா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அறுத்த விளிம்பை வலது கையால் அரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தேய்."