வியாழக்கிழமை வந்த மூச்சிரைப்பு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கூட்டிப் பெருக்குகிற நூலகத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நம் ஊர்ப் பேச்சை அங்கங்கே நேராக்கி எழுதட்டுமா என்று கேட்டாள். "நேராக்கு, ஆனா விசயத்த மாத்திராத" என்று சொல்லியிருக்கிறேன்.

படிக்கத் தெரியாதவளுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். தூசி தட்டுவதற்கு எழுத்து எதற்கு? எந்த அலமாரியில் செல் அரிக்கும், மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் யார் படிக்கிறார், யார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார் என்பதும் தெரியும். அந்தக் கதையை ஆரம்பித்தால் இன்று முடியாது.

எங்கள் நூலகர் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அந்தச் சமயத்தில் அவரை வெளியூருக்கு வரச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் இருக்கிற டாக்டர்களும் விஞ்ஞானிகளும் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். யாராவது வந்து கேட்டால் அதில் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் வந்து கேட்டது கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிற ஒரு பெண். நூலகர் அம்மா தட்டுகிறார், தட்டுகிறார், என்னென்னவோ வருகிறது, அவள் கேட்டது மட்டும் வரவில்லை. "பரவால்ல மேடம், நானே போன்ல பாத்துக்கிடுதேன்" என்று அந்தப் பெண் போய்விட்டாள். அம்மாவின் முகம் சுருங்கிப் போனதை நான் துடைப்பத்தோடு நின்று பார்த்தேன். அன்றிலிருந்து மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் கம்ப்யூட்டர் இருக்கிற மூலையில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஆச்சி, ஏதாவது ஒண்ணு கேளுங்க. தேடிப் பழகணும். எனக்குக் கேள்வியே தோண மாட்டேங்குது."

கேட்பதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

என் மகன் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். பஞ்சை அடித்துச் சிக்கெடுக்கிற பகுதியில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் கிழவன் வேஷம் போட்ட மாதிரி. அவனுக்குப் புதன்கிழமை லீவு. அன்று காலையில் நானே தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவேன். மத்தியானம் கறிக்குழம்பு. நன்றாகத்தான் இருப்பான், பிள்ளைகளோடு விளையாடுவான். வியாழக்கிழமை வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்பான். இருமல் வேறு. வெள்ளி, சனி என்று போகப் போகக் குறையும். அடுத்த புதன்கிழமை ஒன்றும் இருக்காது. வியாழக்கிழமை மறுபடியும் வரும்.

எண்ணெய்க் குளியல்தான் சளி பிடிக்க வைக்கிறது என்று முடிவு கட்டினேன். எண்ணெயை நிறுத்தினோம். வியாழக்கிழமை வந்தது, நெஞ்சு இறுகியது. கறியை நிறுத்தினோம். தயிரை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக்காரி, "வியாழக்கிழமதானே வருது, குரு பார்வை சரியில்ல" என்றாள். அதுவும் சரிதான் என்று கொண்டைக்கடலையை ஊறவைத்து மாலை கோத்துச் சாமிக்குச் சாத்தினேன். டாக்டரிடமும் போகாமல் இல்லை. லீவு நாளில்தானே போக முடியும்? புதன்கிழமை போவான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பார், சுத்தமாக இருக்கும். சளியைப் பரிசோதித்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. மருந்து எழுதிக் கொடுப்பார்கள், வந்துவிடுவான்.

எனக்குப் பயம் வேறொன்று. என் வீட்டுக்காரரும் மில்லில் பஞ்சு அடித்தவர்தான். அவர் கடைசியில் கட்டிலில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே இருந்து, மூச்சிரைத்தே போய்ச் சேர்ந்தார். பீடி குடித்ததால் போனார் என்றார்கள். என் மகன் பீடியைத் தொட்டதில்லை. பிறகு ஏன் அதே இரைப்பு?

இதை எல்லாம் சொன்னேனா? சொல்லவில்லை. சுருக்கமாகக் கேட்டேன்.

"எண்ணெ தேச்சுக் குளிச்சா மறுநாள் நெஞ்சு ஏன் இறுக்குதுன்னு கேளுங்கம்மா."

அவர் இங்கிலீஷில் தட்டினார். திரை நிறைய வந்தது. ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றி ஒன்று. தலைமுடி பற்றி ஒன்று. சமையல் எண்ணெய் பற்றி ஒன்று. நான் சிரித்துவிட்டேன். "என்னம்மா, செக்கு வச்சவன் கடைக்குப் போன மாதிரி எண்ணெயாவே வருது?"

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பயிற்சியில் எழுதிக்கொண்டு வந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, நாம கேக்கும்போதே எண்ணெதான் காரணம்னு சொல்லிட்டோம். அது எண்ணெயத்தான் காட்டும். காரணத்த விட்டுருங்க. நடக்குறத மட்டும் சொல்லுங்க. யாருக்கு, என்ன வேல, எப்ப வருது?"

அப்போதுதான் மகனைப் பற்றி முழுவதும் சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொன்னேன். அவர் பழகுவதற்காகத் தட்டுவதை அன்றோடு விட்டுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். எண்ணெய், தயிர், குரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பஞ்சு மில் வேலை, நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு என்று மட்டும் போட்டார்.

இந்த முறை வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சுத் தூசியால் நெஞ்சில் வருகிற ஒரு நோய் இருக்கிறதாம். வாயில் நுழையாத பெயர், மருமகளுக்கும் எழுத வரவில்லை. எத்தனையோ தேசத்தில் எழுதியிருக்கிறார்களாம். மேலும் படித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"இல்ல ஆச்சி. இது திங்கக்கிழமதான் அதிகமா வருமாம். எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. உங்க மகனுக்கு வியாழக்கிழமல்லா?"

"ஆமா, திங்கக்கிழம அவனுக்கு ஒண்ணும் செய்யாதே" என்றேன்.

கம்ப்யூட்டரை அணைத்தார். நான் எழுந்துபோய் மிச்சத் தரையைக் கூட்டினேன். எதிர்பார்த்தது இல்லை என்று ஆனால் துடைப்பம்கூடக் கனக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. சனிக்கிழமை காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டு இருக்கிறேன், நூலகர் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வருகிறார். செருப்பைக் கழற்றவில்லை, பையைக் கீழே வைக்கவில்லை.

"ஆச்சி, இன்னைக்கு என்ன கிழம?"

"சனிக்கிழம. ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஊருக்குத்தான் சனிக்கிழம. எனக்கு இன்னைக்குத்தான் திங்கக்கிழம. பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள, 'நாளைக்கு ஞாயித்துக்கிழம, நிம்மதி'ங்கா. எனக்கு என்ன நிம்மதி? நேத்தே லீவு முடிஞ்சு போச்சே, இன்னைக்குத்தானே வாரமே தொடங்குதுன்னு நெனச்சேன். நெனச்ச ஒடனே பகீர்னு இருந்துச்சு. அந்தக் கட்டுரைய எழுதுனவங்க ஊர்ல எல்லாருக்கும் ஞாயித்துக்கிழம லீவு ஆச்சி. அதனால அவங்களுக்குத் திங்கக்கிழம. உங்க மகனுக்குப் புதன்கிழம லீவு!"

கையில் இருந்த வாளியை நான் அப்படியே கீழே வைத்தேன்.

அன்று மத்தியானம் முழுக்கத் தேடினார். சில கட்டுரைகள் தலைப்பகுதியை மட்டும் காட்டிவிட்டு, மீதிக்குக் காசு கேட்டன. முழுசாகத் திறக்கிற கட்டுரைகளாகப் பார்த்து எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். ஒன்றைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, நாலைந்தைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். எல்லாமே ஒரே விஷயத்தைச் சொல்லின. லீவுக்கு மறுநாள் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகக் குறையும். தூசியிலேயே வருடக்கணக்கில் நின்றால் ஒரு கட்டத்தில் எல்லா நாளும் வரும், பிறகு போகாது.

"என் வீட்டுக்காரருக்கும் இதானாம்மா?" என்று கேட்டேன். அவர் லீவுக்கு மறுநாள் ராத்திரிதான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறச் சொல்வார். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நூலகர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல ஆச்சி. அத இதுல தேட முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அவர் சொன்ன மற்றதை நான் நம்பினேன். மகனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். "நான் டாக்டர் இல்ல. இதுதான் நோய்னு சொல்ல எனக்கு உரிம இல்ல. ஆனா ஒண்ணு செய்யலாம். லீவு நாள்ல கூட்டிட்டுப் போகாதீங்க. வியாழக்கிழம மில்ல விட்டு வெளிய வந்த ஒடனே, நெஞ்சு இறுகும்போதே போங்க. என்ன வேல பாக்கான்னு மொதல்ல சொல்லுங்க."

வீட்டில் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "எம்மா, லைப்ரரியில கூட்டப் போனியா, வைத்தியம் படிக்கப் போனியா?" என்றான். நான் விடவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னான். "தூசின்னு எழுதிட்டா மில்லுக்குப் போகாதன்னு சொல்லிருவாக. பொறவு ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" அவனுக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது. இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள்தான் அன்று ஒரே வார்த்தை சொன்னாள். "மாமா கடைசியில எப்படி உக்காந்திருந்தாகன்னு நீங்கதானே எங்கிட்டச் சொன்னீக." வியாழக்கிழமை வருகிறேன் என்று ஒத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மில் வாசலில் நானும் மருமகளும் போய் நின்றோம். பஞ்சு ஒட்டிய புருவத்தோடு வந்தவனை முகம் கழுவக்கூட விடாமல் ராஜபாளையத்தில் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். குழாயை வைத்ததும் டாக்டர் முகம் மாறியது. "போன தடவ இந்தச் சத்தம் இல்லையே" என்றார். நான் வேலையைச் சொன்னேன், கிழமையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குழாயில் ஊதச் சொல்கிற பரிசோதனை எல்லாம் செய்தார்கள். பஞ்சுத் தூசிதான்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மூச்சில் கொஞ்சம் போனது போனதுதான், திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் கொடுத்த சீட்டோடு மில்லில் கெஞ்சிக் கேட்டு, மூட்டை ஏற்றி அனுப்புகிற பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். சம்பளம் குறைச்சல். "சீக்காளி" என்று கேலியும் பேசினார்கள். ஆனால் வியாழக்கிழமை ராத்திரி என் மகன் படுத்துத் தூங்குகிறான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். புதன்கிழமை எண்ணெய்க் குளியலும் மறுபடி உண்டு. பாவம், அந்த எண்ணெயை எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

கேலி பேசியவர்களில் ஒருவரே பிறகு நூலகத்துக்கு வந்தார். என் மகனைவிட ரொம்ப மூத்தவர். வாசலில் இருக்கிற நாலு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். நூலகர் அம்மா வெளியே வந்து அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, "அண்ணே, உங்களுக்கு லீவு என்னைக்கு? அதுக்கு மறுநாள் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "இப்ப எல்லா நாளும் ஒண்ணுதாம்மா." அம்மா அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மறுநாள் மறுபடி உட்கார்ந்தார்.

அந்தக் கிருஷ்ணன்கோவில் பெண் இப்போது அடிக்கடி வருகிறாள். அம்மா தேடுகிற வேகத்தைப் பார்த்து, "எப்படி மேடம்?" என்று கேட்கிறாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு உள்ளம் குளிர்ந்து போகும்.

எனக்கு இன்றைக்கும் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் பஸ்ஸிலோ, ரேஷன் கடையிலோ யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினால், முன்னே மாதிரி எண்ணெய், தயிர் என்று நான் காரணம் சொல்வதில்லை. பக்கத்தில் போய், "நீ என்ன வேல பாக்க, ஒனக்கு லீவு என்னைக்குப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.