கினுவின் அத்தை

ஹிசானோவைப் புத்தகப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாழ்நாளில் அவள் உருகி உருகிப் படித்தது ஒரே ஒரு நாவல், அதுவும் சின்ன வயதில். தாய் தகப்பனை இழந்த கினு என்ற சிறுமி, மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கும் அத்தை வீட்டில் வளர்ந்து ஆளாகும் கதை. அந்த அத்தையை இவள் வெறுத்த வெறுப்பு இருக்கிறதே, பங்காளிப் பகையில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

சகாதா ஊரில் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் நானும் ஹிசானோவும் வேலை பார்க்கிறோம். அவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். போன வருஷம் அவள் தங்கை இறந்துபோனாள். தங்கை மகள் சிஹோ, தகப்பனும் இல்லாத பதின்மூன்று வயதுப் பெண், இவளிடம் வந்து சேர்ந்தாள். "அந்த அத்தை மாதிரி நான் ஒருநாளும் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிவரவே கிளம்பினாள் ஹிசானோ. சொன்னபடியே நடந்தாள். சிஹோவை ஒரு தட்டுக் கழுவ விடவில்லை. மீனில் நல்ல துண்டு அவளுக்குத்தான். எங்கள் பக்கத்தில் வீட்டார் எல்லாரும் ஒரே தொட்டி வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குளிப்போம்; அது நிரம்பியதும் முதலில் இறங்குவது சிஹோதான்.

அந்தப் பெண்ணும் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும், மன்னிப்புக் கேட்கும். அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. இதற்கிடையில் நகோயாவில் இருக்கும் சிஹோவின் அப்பா வழிப் பெரியப்பா, புதுப் பள்ளி ஆண்டு தொடங்குமுன் அவளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டார். "உன் இஷ்டம்" என்றாள் ஹிசானோ. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சிஹோ. அதிலேயே இவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அப்போதுதான் அந்தப் பழைய நாவலைத் தூசி தட்டி எடுத்தாள். தான் எங்கே குறை வைத்தோம் என்று அதில் தேடினாளாம். நல்ல கூத்து.

"அக்கா, அந்த அத்தைக்கு என்ன வயசுன்னு நெனைக்கிறீங்க?" என்று ஒருநாள் காய் நறுக்கும்போது கேட்டாள்.

"நீ சொன்ன லட்சணத்துக்குப் பல்லுப் போன கிழவியாத்தான் இருக்கணும்."

"முப்பத்திநாலு. என்னைவிடச் சின்னவ." முள்ளங்கியை வெட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். "கினுவ மழையில நிக்க வச்சான்னு அப்படி அழுதேனே, அது அரைப் பக்கம்கூட இல்லக்கா. அவளும்தான் கூட நனைஞ்சுகிட்டு வலை இழுக்கிறா. அது எனக்கு நெனப்புலயே இல்ல."

"அதுக்காக இப்ப அவளுக்குக் கோயில் கட்டப் போறியா? முள்ளங்கிய வெட்டு."

அந்த ஞாயிறு மாலை ஊறுகாய் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். சிஹோ அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், முடிக்கும் தறுவாயில். ஹிசானோவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"கினு பாவம் இல்ல?" என்று ஆழம் பார்த்தாள்.

"எதுக்கு?"

"கடைசி ஆளா ஆறிப்போன தண்ணியில குளிச்சிட்டுத் தொட்டியையும் அவதானே தேய்க்கிறா. அதுக்கு எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா?"

சிஹோ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவ வீடு பெரியம்மா, தேய்க்கிறா. விருந்தாளியத்தான் முதல்ல குளிக்கச் சொல்லுவாங்க. என்னைச் சொல்ற மாதிரி." பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "நான் எப்பக் கிளம்புவேன்னு நீங்க பாத்துகிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கே சுருக்கென்றது. ஹிசானோ ஏதாவது சொல்வாள், அட, பிள்ளையைக் கட்டிக்கொண்டாவது அழுவாள் என்று பார்த்தேன். மகராசி எழுந்து போய்த் தொட்டியில் தானே முதலில் இறங்கிவிட்டாள். நான் ஒருத்தி விருந்தாளி உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்புகூட இல்லை.

தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். "சிஹோ, போய்க் குளி. குளிச்சதும் தண்ணியத் திறந்துவிட்டுத் தொட்டியத் தேய். மூலையெல்லாம் தேய்க்கணும்." அதட்டுவதாக அவளுக்கு நினைப்பு.

சிஹோ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்துத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"பெரியம்மா, இந்தப் பிரஷ்ல ஒண்ணுமே இல்ல, மொட்டையா இருக்கு."

"இருக்கிறத வச்சுத் தேய்."

"நாளைக்கு நானே புதுசு வாங்கிட்டு வர்றேன். தெனமும் தேய்க்கப் போறது நான்தானே."

ஹிசானோ ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.