ஒன்பது தாளிலும் ஒரே முத்திரை

தெருவில் எல்லாரும் அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பழைய நகல் இயந்திரத்தை வைத்தே மகளைப் படிக்க வைத்து, தம்பியை வயரிங் வேலையும் கற்றுக்கொள்ள வைத்தவள். அந்தத் தெருவின் மொத்த வாழ்க்கையும், பிறப்புச் சான்றிதழ் தொடங்கி இறப்புச் சான்றிதழ் வரை, அவள் இயந்திரத்தின் கண்ணாடிமேல் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.

எதிர்க் கட்டடத்து மாடியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர் ஆபீஸ் போட்டிருந்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டை தொங்கும், அதனால் டைக்காரர். அவருடைய நகல் வேலை முழுக்க இவள் கடைக்குத்தான் வரும். மரியாதையான மனுஷன் என்று நம்பி, தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் விட்டதும் இவள்தான்.

புறப்படும் நாள் காலை, கடை வாசலில் வேன் வந்து நின்றது. ஒன்பது பேர் பெட்டிகளோடு ஏறினார்கள். ஜன்னலோரம் தம்பி, புதுச் சட்டையில். டைக்காரர் ஒரு கட்டுத் தாளோடு கடைக்குள் வந்தார்.

“அக்கா, ஒன்பது பேரோட ஒப்பந்தம். ஆளுக்கு ஒரு காப்பி. சீக்கிரம் போடுங்க, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு.”

முதல் தாளைக் கண்ணாடியில் வைத்தாள். அடியில் வெளிநாட்டுக் கம்பெனியின் வட்ட முத்திரை, நீல மை. அதன் விளிம்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தூசியோ என்று கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டாவது தாளிலும் அதே கோடு. மூன்றாவதிலும்.

கையால் குத்துகிற முத்திரை ஒருநாளும் ஒரே மாதிரி விழாது. ஒன்று சாயும், ஒன்று மங்கும், ஒன்று கையெழுத்துமேல் ஏறிக்கொள்ளும். தாள்களைத் தட்டி அடுக்குவதுபோல இரண்டைச் சேர்த்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். இரண்டு வட்டமும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. இது குத்திய முத்திரை இல்லை, கலரில் அச்சடித்த படம்.

“டோனர் தீந்துபோச்சு சார். உள்ள இருந்து எடுத்துட்டு வர்றேன்” என்று ஒரு தாளை மட்டும் மடியில் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அங்கே சுவரில், வெளிநாட்டு வேலை மோசடி பற்றி அரசாங்கம் ஒட்டச் சொன்ன அறிவிப்பு ஒன்று இருந்தது. நூறு நகல் எடுத்தவள், ஒருமுறைகூட முழுசாகப் படித்ததில்லை. அதிலிருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

ஒப்பந்தத்திலிருந்த ஏஜெண்ட் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு, மறுமுனையில் ஒரு பெண் சொன்னாள்: “இது மூணு வருஷம் முன்னாடியே ரத்தாயிடுச்சும்மா. விசா என்ன வகைன்னு பாத்தீங்களா?”

“இல்லம்மா. எல்லார் பாஸ்போர்ட்டும் அவர் பையில.”

“முதல்ல அது அவங்கவங்க கைக்கு வரணும். வேலை விசா இல்லன்னா ஏற விடாதீங்க. நான் போலீசுக்குச் சொல்றேன். நீங்க அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“சார், பாஸ்போர்ட்டையும் குடுங்க, விசா பக்கத்தோட ஒரு காப்பி போட்டுடறேன். போன வாரம் ஒருத்தர் காப்பி இல்லாம ஏர்போர்ட்ல இருந்து திரும்பி வந்து நின்னாரு.”

டைக்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கையிலிருந்த போன் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தவர், பையைத் திறந்து ஒன்பதையும் மேசையில் போட்டுவிட்டு, வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

முதல் விசாவைப் பிரித்தாள். சுற்றுலா. முப்பது நாள். வேலை செய்ய அனுமதி இல்லை.

பாஸ்போர்ட்டுகளையும் ஒப்பந்தங்களையும் அள்ளிக்கொண்டு, பக்கக் கதவு வழியாக நேரே வேனுக்கு நடந்தாள்.

“அவங்கவங்க பாஸ்போர்ட்டைப் பிடிங்க. விசா பக்கத்தைப் படிங்க. தம்பி, நீ இறங்கு.”

“என்னக்கா இது? எல்லாரும் பாக்கறாங்க, மானத்தை வாங்காத!”

டைக்காரர் ஓடி வந்தார். “அக்கா, உங்க தம்பி பொழப்பை நீங்களே கெடுப்பீங்களா? அங்க போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க.”

வேனில் இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து ஆடின. அவள் இரண்டு ஒப்பந்தங்களைச் சேர்த்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். தம்பி பார்த்தான். இரண்டு முத்திரையும் ஒரே வட்டமாகத் தெரிந்தன.

“சார், அந்தக் கம்பெனி நம்பரைக் குடுங்க” என்றான். “நானே இப்பப் பேசறேன்.”

“அங்க இன்னைக்கு லீவு.”

“அப்ப ஏர்போர்ட்ல நம்மள யாரு கூட்டிட்டுப் போவா?”

டைக்காரர் டிரைவரிடம் வண்டியைக் கிளப்பச் சொன்னார். தம்பி பெட்டியைத் தெருவில் வீசிவிட்டுக் குதித்தான். அவன் பின்னால் ஆறு பேர் இறங்கினார்கள். ஒரு சமையல்காரரும் ஒரு பெயிண்டரும் இறங்கவில்லை.

“ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தாச்சும்மா. திரும்பிப் போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறது?” என்றார் பெயிண்டர். அவள் உதவி எண்ணை எழுதி அவர் சட்டைப்பையில் திணித்தாள். டைக்காரர் முன்சீட்டில் ஏற, வேன் பறந்தது.

போலீசார் வேனுக்குப் பின்னாலேயே தகவல் அனுப்பி, விமான நிலைய வாசலில் டைக்காரரைப் பிடித்தார்கள். சமையல்காரர் அங்கேயே நின்றுவிட்டார். பெயிண்டர் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார். மூன்று மாதம் கழித்துத் தூதரகத்தார் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தம்பி சில வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவன் கோபம் அவள்மேல் இல்லை, ஏமாந்த தன்மேலேயே என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவனே வெளிநாட்டு வேலைக்கான அரசு அலுவலகத்துக்கு நடந்து, அடுத்த வருஷம் வேலை விசாவில் போனான். தாய்மொழியில் எழுதிய ஒப்பந்தத்தின் நகல் அக்காவிடம் இருக்கிறது, வாராவாரம் பேசுகிறான்.

ஆனால் வேன் போன மறுநாளே அவளை வேறொன்று அரிக்கத் தொடங்கியிருந்தது. இதற்கு முன்னால் டைக்காரர் எத்தனை பேரை அனுப்பினார்? அத்தனை தாளும் தன் கை வழியாகத்தானே போனது? கடையைத் திறக்காமல் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினொன்று தேறின. போலீசார் வந்து விசாரிக்கும்வரை பொறுக்காமல், பிற்பகலில் தானே முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். “அங்க இருந்து அவர் போன் பண்ணி அஞ்சு வாரமாச்சுக்கா. யார்கிட்டப் போய்க் கேக்கறதுன்னே தெரியல” என்றாள்.

“செருப்பைப் போட்டுக்கிட்டு வா, ஸ்டேஷனுக்குப் போகலாம்” என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள் ஜெராக்ஸ் அக்கா.